வாளியை ஓரமாக வைத்தவள்



யாருடைய நினைவில் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். அவர் திரையைப் பார்த்ததைவிடத் தரை டிக்கெட் ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவருடைய மகள் சற்று முன் என்னிடம் சொன்னார். புரொஜக்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் பார்ப்பாராம். எந்த இடத்தில் ஜனம் நிமிர்ந்து உட்காரும், எந்த இடத்தில் பீடி பற்றவைக்க வெளியே போகும் என்பது அவருக்கு ரீல் கணக்கோடு தெரியுமாம். நான் இன்று பேச வந்திருப்பதும் அந்தச் சதுர ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

26 ஆண்டுகளாக விஸ்காம் மாணவர்களுக்குத் திரைப்படப் பாடம் நடத்தி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி பிறந்தால் என் மேஜையில் ப்ராஜெக்ட் ஃபைல்கள் சேர ஆரம்பிக்கும். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்து வரும். திறந்தால் முதலில் ஒன்லைன், அடுத்து ட்ரீட்மென்ட், அதற்கடுத்து ‘ஜானர்’ என்று ஒரு பக்கம், ‘கேரக்டர் ஸ்கெட்ச்’ என்று ஒரு பக்கம். கடைசியில் பென்டிரைவ். ஜானர் பக்கத்துக்குத் தனி மதிப்பெண், கேரக்டர் பக்கத்துக்குத் தனி மதிப்பெண். இந்த இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததுதான் நாங்கள், அதாவது ஆசிரியர்கள், செய்த தவறு என்று இப்போது நம்புகிறேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மாணவியின் படத்திலிருந்து தொடங்குகிறேன். பேய்ப் படம். ஏழு நிமிடம். என் கைக்கு வரும் பத்து ஃபைல்களில் நான்கு பேய்ப் படமாக இருப்பது வழக்கம், ஏனென்றால் செலவு குறைவு. ஒரு பழைய வீடு, ஒரு வெள்ளைப் புடவை, ஒரு டார்ச் லைட் இருந்தால் போதும். அந்த மாணவியும் அதே சாமான்களோடுதான் ஆரம்பித்தாள். ஆனால் வீட்டுக்குப் பதிலாக ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டை எடுத்துக்கொண்டாள். கதாநாயகி அங்கே இரவு ஷிப்ட் பார்க்கும் ஆயா. மணி இரண்டரை. தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மேல் மாடியில் எதுவோ இழுபடுகிற சத்தம் கேட்கிறது. அந்த மாடியில் யாரும் இல்லை என்பது நமக்கு முன்பே தெரியும்.

இந்த இடத்தில் பேய்ப் படம் என்ன கேட்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மெதுவாகத் தலையைத் தூக்க வேண்டும். யாரது என்று கேட்க வேண்டும். படியில் கால் வைக்க வேண்டும். ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிய வேண்டும். அந்த மாணவி எழுதியது வேறு. ஆயா தலையைத் தூக்குகிறாள். சத்தம் நின்றுவிட்டது. கையில் இருந்த துடைப்பத் துணியை இரண்டு முறை முறுக்கிப் பிழிகிறாள். வாளியை நடைபாதையின் நடுவிலிருந்து நகர்த்திச் சுவரோரமாக வைக்கிறாள். ஈரமான இடத்தில் யாரும் கால் வைத்து வழுக்கி விழுந்துவிடாதபடி ஒரு பழைய கோணிச் சாக்கை விரிக்கிறாள். அதன் பிறகுதான் படியேறுகிறாள்.

ஸ்கிரீனிங்கின்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மாணவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியை நகர்த்துகிற அந்தப் பத்து விநாடியில் ஒருவர்கூட அசையவில்லை. அதற்கு முன் அதே அறையில் அன்று ஓடிய மற்ற பேய்ப் படங்களில், அந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள், யாராவது விசில் அடிப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன்.

விடை எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் கிடைத்தது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களத்தில் பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரித்துச் சொல்கிறார். அச்சத்துக்கு அவர் சொல்லும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் பிசாசு எல்லாம் அணங்கில் அடங்கிவிடும். நான்காவதைக் கவனியுங்கள். தமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவரிடம் உள்ள பயத்தையும் அவர் அதே வரிசையில் வைத்திருக்கிறார். அந்த ஆயா மாடியில் கேட்ட சத்தத்துக்குப் பயப்படுகிறாள், அது அணங்கு. ஆனால் யாராவது வழுக்கி விழுந்தால் காலையில் சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ என்பதற்கும் பயப்படுகிறாள், அது இறை. ஒரே பெண்ணின் உடம்பில் இரண்டு பயங்கள். முதல் பயம் படம் கொண்டுவந்தது. இரண்டாவது அவள் வேலை கொண்டுவந்தது. இரண்டாவதைப் பார்த்த பிறகுதான் பார்வையாளர்கள் முதலாவதை நம்பினார்கள். மெய்ப்பாட்டியலை அந்த மாணவி படித்திருக்கவில்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர்.

தொல்காப்பியத்தில் இன்னொரு இடமும் எங்கள் பாடத்துக்கு நேரடியாக உதவுவது. அகப்பாட்டின் வழி எது என்று சொல்லும்போது, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்லி, அவை இரண்டும் சேர்ந்ததே புலனெறி வழக்கம் என்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு விரிவாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். என் மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஊரில் நடப்பது உலகியல் வழக்கு, மேடைக்காகச் சுவை கூட்டி அமைத்துக்கொண்டது நாடக வழக்கு. குறிஞ்சி என்றால் நள்ளிரவு, மலை, சந்திப்பு. முல்லை என்றால் மாலை, காடு, காத்திருப்பு. இதற்குமேல் ஒரு ஜானர் பக்கத்தில் என்ன எழுதிவிடப் போகிறோம்? இடம், பொழுது, அங்கே இருக்கும் பொருள்கள், அங்கே பிறக்கும் உணர்ச்சி என எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்தாகிவிட்டது. அகத்திணை மாந்தருக்குப் பெயர்கூடக் கிடையாது. தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என்று பாத்திர வகைகள் மட்டும்தான். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு, ஒரு தலைவியைப்போல் இன்னொரு தலைவி இல்லாதபடி நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதியிருக்கிறார்கள். அந்த வேறுபாடு உலகியல் வழக்கிலிருந்து வந்தது. தினை காயும் முற்றத்தையும் கோழி விரட்டும் கையையும் கவனித்துப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது.

ஜானர் என்ற சொல்லை நாம் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். தமிழ்ப் பார்வையாளர்களோ கல்லூரிகளுக்கு முன்பே தமக்கென்று வகைகள் வைத்திருந்தார்கள். புராணப் படம், ராஜா ராணி படம், மாயாஜாலப் படம், குடும்பப் படம், கிராமத்துப் படம், துப்பறியும் படம், பேய்ப் படம். டிக்கெட் எடுக்கும் முன் கேட்பார்கள், ‘என்ன மாதிரிப் படம்?’ என்று. பாத்திரங்களுக்கும் பெயர் இருந்தது. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினையோடுதான் 1931-க்குப் பிறகு பேசும் படங்கள் வந்தன. நடிகர்களும் பாட்டும் மேடையிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போயின. இன்றைக்கும் கதை டிஸ்கஷனில் கதாநாயகனுக்கு ஓபனிங் என்ன என்று கேட்கிறோமே, அது ராஜபார்ட் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே வெளியே வருவதன் மிச்சம். என் மாணவர்கள் நுவார், ஸ்லாஷர் என்று எழுதிக்கொண்டு வரும்போது நான் தடுப்பதில்லை. ஆனால் அதே பக்கத்தின் கீழே, உன் பாட்டி இந்தப் படத்தை என்ன மாதிரிப் படம் என்று சொல்வார் என ஒரு வரி எழுதச் சொல்வேன். பல சமயம் அந்த ஒரு வரியில்தான் படம் இருக்கும்.

ஜானர், அதாவது வகைமை என்பதைப் பலர் பழகிப்போன தந்திரங்களின் பட்டியலாக நினைத்து வெறுக்கிறார்கள். எனக்கு அந்த வெறுப்பு இல்லை. 1977-இல் ‘16 வயதினிலே’ வந்தபோது பாரதிராஜா காட்டிய கிராமம் தமிழ்த் திரைக்குப் புதிது. அதுவரை பெரும்பாலும் கிராமம் என்பது ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். அவர் வெளியே போனார். சாய்ந்து நடக்கும் சப்பாணி, பெட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து வம்பு வளர்க்கும் பரட்டை, டீச்சராகக் கனவு காணும் மயில் ஆகிய மூவரும் யாரோ ஒருவர் எங்கோ பார்த்த மனிதர்கள்போல் இருந்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் அந்தத் திண்ணையும் அந்த நடையும் எத்தனை படங்களில் வந்தன என்று எண்ணி முடியாது. நேற்று ஒருவர் கண்ணால் பார்த்தது இன்று எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நாடக வழக்கு என்பது பெரும்பாலும் பழைய உலகியல் வழக்குதான். ஆகவே மாணவர்கள் வழக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முதலில் பார்த்தவர் எங்கே நின்று பார்த்தார் என்று தேடிப்போய், அதே இடத்தில் தாங்களும் ஒருமுறை நின்று பார்த்தால் போதும்.

வகைமையும் பாத்திரமும் ஒன்றையொன்று எப்படி மாற்றும் என்பதைக் காட்ட, வகுப்பில் நான் வருடந்தோறும் போடும் ஒரு காட்சி உண்டு. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில், படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சி. நாகேஷும் பாலையாவும். நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். நூற்றியோராவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நாகேஷ் சொல்வதில் கதை என்று எதுவும் இல்லை. இருட்டு இருக்கிறது, சத்தம் இருக்கிறது, நிறுத்தம் இருக்கிறது. பேய்ப் படத்தின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து நிறுத்திவிடுகிறார். மனிதர் யாரும் அந்தக் கதைக்குள் இல்லை. வெறும் வழக்கம் மட்டும். அப்படியானால் அந்தக் காட்சி ஏன் இன்றும் நிற்கிறது? கேட்டுக்கொண்டிருப்பவர் பாலையா என்பதால். எஸ்டேட் வைத்திருக்கும் பணக்காரர், மகன் காசு கேட்டுவிடுவானோ என்ற எச்சரிக்கையோடு உட்கார்ந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிறார். கண் விரிகிறது, தோள் ஒடுங்குகிறது. அவர் முகத்தில் அச்சம் பிறக்கப் பிறக்க நமக்கு நகை பிறக்கிறது. நகைக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு நிலைக்களங்களில் பேதைமையும் ஒன்று. தன் எஸ்டேட்டில் எல்லோரையும் அதட்டும் ஒரு மனிதரின் பேதைமை அங்கே வெளியே வருகிறது. அதே சத்தங்களை ஒரு தனியாக இருக்கும் பெண்ணுக்குச் சொல்லியிருந்தால் அது பேய்ப் படம். இவருக்குச் சொன்னதால் அது நகைச்சுவைப் படம். பாத்திரத்தை மாற்றியதும் வகைமையே மாறிவிட்டது. கேரக்டர் பக்கமும் ஜானர் பக்கமும் தனித்தனி என்று நம்பும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் என்னிடம் இல்லை.

என் பழைய பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில், பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்று சொல்லிக்கொடுக்க 64 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் அச்சிட்டு வைத்திருந்தேன். கதாபாத்திரத்தின் பிறந்த நாள், பிடித்த நிறம், முதல் காதல், அப்பாவோடு உறவு, கனவில் வருவது என்ன என்றெல்லாம் அதில் கேள்விகள். ஒரு மாணவி 64-ஐயும் நிரப்பிக்கொண்டு வந்தாள். மணியான கையெழுத்து. நான் பாராட்டினேன், மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகவும் காட்டினேன். படம் முடிந்து வந்தபோது அந்தப் பாத்திரம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது, கடற்கரையில் நடந்தது, காபி குடித்தது, யோசித்தது. வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அதை எழுதிய மாணவி மட்டும்தான். நான்தான் அவளை அந்த ஜன்னலோரத்தில் உட்காரவைத்தேன். எதையாவது செய்தாக வேண்டிய ஒரு நெருக்கடிக்குள் அவளை நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. வகைமை அந்த வேலையைத்தான் செய்கிறது. பேய்ப் படம் ஒருத்தியைப் படியேறச் சொல்கிறது. துப்பறியும் படம் ஒருவனைக் கேள்வி கேட்கச் சொல்கிறது. அந்தக் கட்டளைக்கு அவர்கள் எப்படிக் கீழ்ப்படிகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எதை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார்கள் என்பதில்தான் ஆள் தெரியும். அந்த 64 கேள்விப் படிவத்தை நான் மறுபடி அச்சடிக்கவில்லை.

துப்பறியும் படம் என்றதும் ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். அவன் கொண்டுவந்த ஸ்கிரிப்டில் மழை பெய்துகொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் சிகரெட்டை அணைக்காமல் இருந்தார். மனைவி விட்டுப்போய்விட்டாள். சுவர் முழுக்கச் சிவப்பு நூல் கட்டிய போட்டோக்கள். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான், எந்த ஸ்டேஷன்? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு புறநகர் ஸ்டேஷனில் மூன்று நாள் மாலையில் போய் உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

“மேம், அங்க ரைட்டர்னு ஒருத்தர் இருக்காரு. ஏட்டய்யா. புகாரெல்லாம் அவர்தான் கேட்டு எழுதுறாரு. யாரு வந்தாலும் முதல்ல ‘தண்ணி குடிங்க’ங்குறாரு. ஒருத்தர் சொல்லச் சொல்ல, பேனாவ எடுக்காம கேட்டுக்கிட்டே இருக்காரு. கடைசியில, ‘இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க’ங்குறாரு.”

அந்த ஏட்டு அவன் படத்தின் நாயகனானார். எட்டு நிமிடப் படத்தில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. நகை காணாமல் போனதாக ஒரு குடும்பம் புகார் கொடுக்க வருகிறது. ரைட்டர் முதல் தகவல் அறிக்கைக்காகக் கேட்கிறார், மறுபடி கேட்கிறார். இரண்டாவது தடவை சொல்லும்போதும் ஒரு வார்த்தை பிசகாமல் அதே வரிசையில் சொன்னவரைத்தான் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். பதற்றத்தில் இருப்பவர் முன்னும் பின்னுமாகத்தான் சொல்வார் என்பது அந்தப் பாத்திரத்தின் அனுபவ அறிவு. துப்பறியும் படத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. குற்றம், சந்தேகம், சாட்சி, கடைசியில் ஒரு திருப்பம், எதையும் அவன் விட்டுவிடவில்லை. அத்தனையையும் ஒரு பந்து முனைப் பேனாவின் மேல் ஏற்றிவைத்தான்.

இந்த வகைமை மரபில் தமிழில் முன்னோடியான ‘அந்த நாள்’ 1954-லேயே இதைவிடத் துணிச்சலாக ஒன்றைச் செய்தது. எஸ். பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். பிறகு ராஜன் என்ற அந்த மனிதனை நாம் மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் அறிந்துகொள்கிறோம். நாயகன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாமல் ஒரு பாத்திரம் உருவாக முடியும் என்பதற்கு மாணவர்கள் பார்க்க வேண்டிய படம் அது.

இனி எனக்கு மனவலி தந்த ஒரு விஷயம். ஒரு வருடம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நான்கு குழுக்கள் ‘கேங்ஸ்டர் படம்’ எடுத்தன. நான்கிலும் ரவுடி வடசென்னைக்காரன். நான்கிலும் அவனுக்கு ஒரே பேச்சு, ஒரே கைலி, கழுத்தில் ஒரே கறுப்புக் கயிறு. ஸ்கிரிப்ட் வாசிப்பு முடிந்த பிறகு வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு மாணவன் எழுந்தான். அதுவரை வகுப்பில் அதிகம் பேசாதவன்.

“மேம், நாலு கதையிலயும் எங்க ஏரியா வந்திருச்சு. எங்க அப்பா ஹார்பர்ல வேலை பாக்குறாரு. தெரு முனையில கேரம் க்ளப் இருக்கு, கிரவுண்ட்ல விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஃபுட்பால் பிராக்டீஸ் நடக்கும். அவங்கல்லாம் எந்த ஜானர்ல வருவாங்க?”

அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. வழக்கம் என்பது எப்போதும் அப்பாவித்தனமானது அன்று. ஒரு தெருவை, ஒரு நிறத்தை, ஒரு பேச்சுவழக்கைக் கள்ளபார்ட்டுக்கு என்று ஒதுக்கிவைக்கும்போது, அந்தத் தெருவில் பிறந்தவர் ஒவ்வொரு படத்திலும் தன் சொந்த வீட்டுக்குள் சந்தேகத்துக்குரியவராக நடக்க வேண்டியிருக்கிறது. மாணவிகளுக்கும் இது தெரியும். எதுவும் புரியாமல் சிரித்துக்கொண்டே இருக்கும் நாயகியைக் காதல் படம் கேட்கிறது என்று பையன்கள் எழுதுவார்கள், நடிக்கக் கூப்பிடப்படுபவளோ வகுப்பிலேயே நன்றாக விவாதம் செய்யும் பெண்ணாக இருப்பாள். 2014-இல் பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வந்தபோது அந்த வியாசர்பாடி மாணவன் நான்கு முறை தியேட்டரில் பார்த்ததாகச் சொன்னான். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, ஐ.டி. கம்பெனிக்குப் போகும் காளி, ஃபுட்பால், எல்லாவற்றுக்கும் மேல் அரசியல் பகைக்குக் காரணமான அந்தச் சுவர். அரசியல் பகை, கொலை, பழிவாங்கல் என்று கேங்ஸ்டர் படத்தின் சட்டகம் அதிலும் உண்டு. ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் நின்றவர்கள் அவன் ஊர்க்காரர்கள்.

காளி என்றதும் இன்னொரு காளி நினைவுக்கு வருகிறான். 1978-இல் மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்தின் வின்ச் ஆபரேட்டர். உமாசந்திரனின் நாவலிலிருந்து வந்தவன். அண்ணன் தங்கைப் படம் என்பது நம் மண்ணில் ஆழமாக வேர் பிடித்த வகைமை. ‘பாசமலர்’ 1961-இல் வந்தபோது தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. அந்த வகைமை அண்ணனிடம் கேட்பது தியாகம். காளியும் இறுதியில் தங்கை விரும்பியவருக்கே அவளைக் கொடுக்கிறான். ஆனால் மாப்பிள்ளையாக வரும் இன்ஜினீயரைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். வகைமை கேட்டதையும் கொடுத்தான், தன்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு பிடிவாதத்துக்காக அவனை நாற்பது வருடத்துக்கு மேலாக ஞாபகம் வைத்திருக்கிறோம்.

மாணவர் படம் என்றால் பயிற்சிப் படம், அதில் வகைமை எல்லாம் பெரிய பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1986-இல் ‘ஊமை விழிகள்’ வந்தது. திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுதினார், அரவிந்தராஜ் இயக்கினார். சினிமாஸ்கோப். திகில் படத்தையும் பத்திரிகையாளர் படத்தையும் போலீஸ் படத்தையும் ஒன்றாகப் பின்னினார்கள். நான் பள்ளிக்கூட மாணவியாக அதைப் பார்த்தேன். அதில் ஒரு கிழவி வரும் இடங்களில் என் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் ஆசிரியராக அதைப் பார்த்தபோது வேறொன்று என்னைப் பிடித்தது. அதில் வில்லனாக வருபவர் ரவிச்சந்திரன். 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் காதலனாக அறிமுகமான அதே ரவிச்சந்திரன். ஆடிப் பாடித் திரிந்த அந்த முகம் 22 வருடத்துக்குப் பிறகு நிதானமாக நம்மைப் பார்க்கும்போது, அந்தப் பழைய காதல் படத்தின் நினைவும் கூடவே வருகிறது, பயம் இன்னும் ஆழமாகிறது. துப்பறியும் படங்களில் ஓடித் தாவிய ஜெய்சங்கரைப் பத்திரிகை ஆசிரியரின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு நேர்மை வந்துவிட்டது. பார்வையாளரின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் வகைமையைக் கொண்டு பாத்திரம் செய்வது எப்படி என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’வோடும், நலன் குமரசாமி ‘சூது கவ்வும்’ படத்தோடும் வந்தபோதும் இதையே பார்த்தோம். பேய் வீட்டுக்குள் ஒரு பீட்சா டெலிவரி பையன் மாட்டிக்கொள்கிறான். ஆள் கடத்தும் தொழிலுக்கு ஒருவர் ஐந்து விதிமுறைகள் வைத்திருக்கிறார். முதலில் தொழில், பிறகு ஆபத்து.

இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஜானருக்கும் கேரக்டருக்கும் தனித்தனி இன்டர்னல் மார்க் போடுவதை நிறுத்துவோம். நான் இப்போது வகுப்பில் செய்யச் சொல்வது இதுதான். மாணவர் தனக்குப் பிடித்த வகைமையில் மூன்று தமிழ்ப் படங்களைப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நாயகனோ நாயகியோ என்ன செய்தாக வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் ஒருவரோடு இருக்க வேண்டும். பூக்கட்டுபவர், பஸ் கண்டக்டர், ரேஷன் கடை எடை போடுபவர், யாராக இருந்தாலும் சரி. அவர் கை என்னென்ன செய்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுதக் கூடாது. மூன்றாவதாக, அந்தக் கையை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைவாவில் நான் கேட்கும் ஒரே கேள்வி, படம் அழைத்தபோது இவர் கையில் என்ன வைத்திருந்தார் என்பது.

அந்த ஆயா படத்துக்கு மறுபடி வருகிறேன். ப்ராஜெக்ட் திரையிடலுக்குப் பெற்றோரும் வரலாம் என்று அந்த வருடம் அறிவித்திருந்தோம். அந்த மாணவியின் அம்மா இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார். மகள் எடுத்த படத்தைப் பார்த்தார். முடிந்ததும் மற்ற பெற்றோர் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், படம் எப்படி இருந்தது அம்மா என்று கேட்டேன்.

“நல்லாதாங்க இருக்கு. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா வாளிய அந்தப் பக்கம் வெக்க மாட்டோம். அங்கதான் ஸ்ட்ரெச்சர் திரும்பும்.”

மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மதிப்பெண் போட்டாகிவிட்டது, ஃபைலில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டுபோய், அந்த ஒரு ஷாட்டை மட்டும், வாளி இந்தப் பக்கம் இருக்கும்படி, திரும்ப எடுத்து வந்தாள்.